களிமண் கல்லாகும் கதை: பிரமிட்டுக்கு வெளியே நடந்த வரலாறு

வருடத்தில் மூன்று நான்கு தடவையாவது நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. மேலே பிரமிட்டின் படம் இருக்கும். பிரமிட்டுகள் வெட்டிய கற்களால் கட்டப்பட்டவை அல்ல, களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றிக் கல்லாக்கப்பட்டவை என்று கீழே எழுதியிருக்கும். இதை ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி நிரூபித்துவிட்டார், அல்குர்ஆன் இதை அன்றே சொல்லிவிட்டது, ஆகவே அதிகம் பகிருங்கள் என்று முடியும்.

வகுப்பில் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். "உண்மையா?" என்று நேரே கேட்கும் பிள்ளைக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. அந்தச் செய்தியில் வரும் விஞ்ஞானி உண்மையான ஆள். களிமண்ணைச் சீமெந்தில்லாமல் கல்லாக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் பிரமிட்டைப் பற்றிச் சொல்லப்படுவது வேறு கதை. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள் உறவுகளே. பகிரப்படும் செய்தியைவிட அதன் பின்னால் இருக்கும் வரலாறு சுவையானது, நமக்குப் பயனுள்ளதும்கூட.

தீயில் தொடங்கிய தேடல்

1970 நவம்பர் 1ஆம் திகதி அதிகாலை, பிரான்சின் கிரனோபிள் நகருக்கு அருகில் உள்ள சென் லோரன் டு பொன் என்ற சிற்றூரில் ஒரு நடன மண்டபம் தீப்பிடித்தது. உட்புறம் முழுவதும் பிளாஸ்டிக் அலங்காரம். அது உருகி எரிந்து மேலிருந்து சொட்டியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இளவயதுப் பிள்ளைகள்.

அந்த வருடங்களில் பிரான்சில் நடந்த இத்தகைய தீவிபத்துகள் ஒரு இரசாயனவியலாளரின் வேலையையே மாற்றின. அவர் பெயர் யோசெப் தாவிதோவிட்ஸ். அதுவரை அவர் ஆராய்ந்தது பிளாஸ்டிக், செயற்கை நூல் போன்ற பொலிமர்களை. பொலிமர் என்றால் சிறு சிறு மூலக்கூறுகள் சங்கிலி போலக் கோத்து நிற்பது. பிளாஸ்டிக்கில் அந்தச் சங்கிலியின் முதுகெலும்பு காபன். காபன் எரியும். காபனுக்குப் பதிலாக எரியாத ஒன்றை வைத்துச் சங்கிலி கோக்க முடியாதா என்பதே அவர் தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி.

விடை மண்ணில் இருந்தது. பூமியின் மேலோட்டில் அதிகம் இருக்கும் மூலகங்கள் ஒட்சிசன், சிலிக்கன், அலுமினியம் ஆகிய மூன்றும்தான். களிமண் இந்த மூன்றும் சேர்ந்தது. தாவிதோவிட்ஸ் 1972இல் இதற்கென்றே ஒரு சிறு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைக் காரக் கரைசலோடு சேர்த்து, மரச்சீவல் பலகையின் இரு பக்கமும் பூசி, சூடான அழுத்தியில் வைத்து அமுக்கினார்கள். பலகையின் முகம் தீப்பிடிக்காத கல் போலானது. முதலில் செய்த பொருள் இவ்வளவு எளிமையானதுதான். 1970களின் பிற்பகுதியில் இவ்வகைப் பொருட்களுக்கு அவர் வைத்த பெயர்தான் ஜியோபொலிமர், அதாவது மண்ணிலிருந்து வந்த பொலிமர்.

களிமண்ணுக்குள் என்ன நடக்கிறது?

சாதாரண தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்கிறோம். கயோலின் என்ற பெயர் சீனாவின் காவ்லிங் என்ற இடத்தின் பெயரிலிருந்து வந்தது. ஜிங்தெசென் நகரின் புகழ்பெற்ற பீங்கான் அந்த மண்ணால் ஆனது. கயோலின் தாள்களை அடுக்கியது போன்ற கட்டமைப்புக் கொண்டது. அதற்குள் நீர் இரசாயன முறையில் பிணைந்து கிடக்கிறது. வெயிலில் காய வைத்தால் இந்த நீர் போகாது. 100 கிலோ சுத்தமான கயோலினில் இப்படி ஏறத்தாழ 14 கிலோ நீர் இருக்கிறது.

600 முதல் 800 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அந்த நீர் வெளியேறும். ஒழுங்காக அடுக்கியிருந்த தாள்கள் குலைந்துபோகும். ஒழுங்கு குலைந்த அந்த மண் எதனுடனாவது சேரத் துடித்துக்கொண்டிருக்கும். அதற்கு மெற்றாகயோலின் என்று பெயர். அதில் சோடியம் சிலிக்கேற்றும் எரிசோடாவும் சேர்ந்த காரக் கரைசலை ஊற்றினால், மண்ணிலுள்ள சிலிக்கனும் அலுமினியமும் கரைந்து, ஒட்சிசனைப் பாலமாகக் கொண்டு முப்பரிமாண வலையாகத் திரும்பக் கோத்துக்கொள்ளும். அறை வெப்பநிலையிலேயே இறுகிக் கல்லாகும்.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் சூட்டின் அளவு. சூடு 900 பாகையை நன்றாகத் தாண்டினால் குலைந்த மண் மறுபடி புதிய பளிங்குகளாக ஒழுங்குபட ஆரம்பிக்கும், அதன் துடிப்பு அடங்கிவிடும். குறைவாகச் சுட்டாலும் பிழை, கூடச் சுட்டாலும் பிழை. சோறு வடிக்கும் பதம் தெரிந்த நமது உம்மாமாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதைச் சீமெந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் யோசப் அஸ்ப்டின் என்ற கொத்தனார் போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 பாகை வரை சுட வேண்டும். எரிபொருள் செலவு ஒரு பக்கம். மறுபக்கம், சுண்ணாம்புக்கல்லே தன்னிடமுள்ள காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். இது பிள்ளைகள் மூலக்கூற்று நிறையை வைத்துத் தாங்களே செய்து பார்க்கக்கூடிய கணக்கு. உலகில் மனிதன் வெளியிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலிலிருந்து வருகிறது. களிமண்ணைச் சுடும்போது வெளியேறுவது நீராவிதான்.

சிவப்புத் தூளின் பயணம்

சுட்ட களிமண்ணைத் தூளாக்கிக் கட்டடத்துக்குப் பயன்படுத்துவது புதிய யோசனை அல்ல. தாவிதோவிட்ஸுக்கு மிக முந்திய மரபு ஒன்று உண்டு. அதில் முஸ்லிம் நாடுகளின் கட்டடக் கலைஞர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

ரோமர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தார்கள். எரிமலைச் சாம்பல் கிடைக்காத இடத்தில் ஓட்டையும் செங்கல்லையும் இடித்துத் தூளாக்கிச் சேர்த்தார்கள். 537இல் கட்டி முடிக்கப்பட்ட இஸ்தான்பூலின் அயா சோபியாவின் சுவர்களில் இடித்த செங்கல் கலந்த சுண்ணாம்புச் சாந்து இருக்கிறது. பிற்காலத்தில் உஸ்மானியர்கள் இதே சாந்தைக் குராசான் சாந்து என்று அழைத்தார்கள். எகிப்தில் இதற்குப் பெயர் ஹும்ரா, அரபியில் சிவப்பு. இந்தியாவில் பெயர் சுர்க்கி. பாரசீகத்தில் சுர்க் என்றாலும் சிவப்புத்தான். செங்கல் தூளின் நிறத்தை வைத்து இரண்டு மொழிகள் ஒரே பெயரை வைத்திருக்கின்றன.

1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் கட்டப்பட்டது. தமிழ்நாட்டுச் செய்திகளில் சுர்க்கி என்ற சொல் இன்றும் அடிபடுவது அதனால்தான். அந்தக் காலத்து மேசன்மாருக்கு ஒரு நுட்பம் தெரிந்திருந்தது: கருகிப்போன கல்லில் நல்ல சுர்க்கி வராது, சற்றுக் குறைவாக வெந்த கல்லே நல்லது. மேலே நாம் சொன்ன சூட்டுப் பதத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள். வெப்பமானி இல்லாமல் கையனுபவத்தால் கண்டுபிடித்த அதே விதி.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சுர்க்கிச் சாந்து ஜியோபொலிமர் ஆகாது. சுர்க்கியை இறுக வைப்பது சுண்ணாம்பு, அதாவது கல்சியம். ஜியோபொலிமரை இறுக வைப்பது சோடியம் அல்லது பொட்டாசியம் சேர்ந்த வலிய காரம். இரண்டுக்கும் பொதுவானது பதமாகச் சுட்ட களிமண். உறவினர்கள் என்று சொல்லலாம், ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நாம் பெருமைப்படும்போது இந்த வேறுபாட்டை விழுங்கிவிடக் கூடாது.

கீவ் நகரத்துப் பேராசிரியர்

தாவிதோவிட்ஸ் பெயர் வைத்தவர். ஆனால் வழியில் முதலில் நடந்தவர் அவரல்ல. 1940இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பேர்டன் என்பவர், இரும்பு உருக்கும் உலையில் கிடைக்கும் கசட்டை எரிசோடாவோடு சேர்த்தால் இறுகுகிறது என்று எழுதினார். 1957இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் கீவ் நகரில் விக்டர் குளுகோவ்ஸ்கி என்ற பேராசிரியர் இதை ஒரு துறையாகவே வளர்த்தார். பூமியின் பாறைகளில் சோடியமும் பொட்டாசியமும் சிலிக்கனோடும் அலுமினியத்தோடும் சேர்ந்து கோடிக்கணக்கான வருடங்கள் நிலைத்து நிற்கின்றன. இயற்கையில் நிலைக்கும் அந்தச் சேர்க்கையைச் சீமெந்தாக நாம் ஏன் செய்யக்கூடாது என்பதே அவருடைய வாதம். தன் பொருளுக்கு அவர் மண் சிலிக்கேற்று என்று பெயரிட்டார்.

சோவியத் நாட்டில் இதனால் வீடுகளே கட்டப்பட்டன. ரஷ்யாவின் லிபெட்ஸ்க் நகரில் 1986க்கும் 1994க்கும் இடையில் 24 மாடிக் குடியிருப்புக் கட்டடம் எழுந்தது. அது களிமண்ணால் ஆனதல்ல, காரத்தால் இறுக்கிய உலைக் கசட்டுக் கொங்கிரீட். இருந்தாலும் போட்லண்ட் சீமெந்து இல்லாமல் மனிதர் வாழும் மாடிக் கட்டடம் எழுப்ப முடியும் என்பதற்கு அது சாட்சி. பனிப்போர்க் காலம், ரஷ்ய மொழி நூல்கள். மேற்கு நாடுகளில் இது பலருக்கும் தெரியவில்லை.

அமெரிக்காவிலும் ஒரு அத்தியாயம் உண்டு. 1980களில் ஒரு பெரிய சீமெந்து நிறுவனம் தாவிதோவிட்ஸோடு சேர்ந்து பைரமென்ட் என்ற சீமெந்தை விற்றது. போட்லண்ட் சீமெந்தோடு ஜியோபொலிமரைக் கலந்த பொருள் அது. விமான ஓடுபாதையைத் திருத்தினால் சில மணித்தியாலங்களிலேயே விமானம் இறங்கலாம் என்பதால் இராணுவத் தளங்களில் அதற்குக் கேள்வி இருந்தது. 1990இல் அந்த நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. சில வருடங்களில் பைரமென்டும் சந்தையிலிருந்து மறைந்தது. சாதாரண சீமெந்து மலிவாகக் கிடைத்தது. பொறியியலாளர்கள் பின்பற்றும் தர நியமங்கள் எல்லாம் போட்லண்ட் சீமெந்தை வைத்தே எழுதப்பட்டிருந்தன. நல்ல பொருள் என்பது மட்டும் ஒரு பொருளை நிலைக்க வைக்காது.

பின்னர் 2014இல் அவுஸ்திரேலியாவின் டூவும்பா நகர விமான நிலையத்தில் ஏறத்தாழ 40,000 கனமீற்றர் ஜியோபொலிமர் கொங்கிரீட் போடப்பட்டது. அதில் பயன்பட்டவை உலைக் கசடும் நிலக்கரிச் சாம்பலும். ஆனால் உலகம் நிலக்கரி மின்நிலையங்களைக் குறைத்துக்கொண்டே வந்தால் அந்தச் சாம்பலும் குறையும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்களின் கண் இப்போது மறுபடி களிமண் பக்கம் திரும்பியிருக்கிறது.

இனி பிரமிட்டுக்கு வருவோம்

பிரமிட்டுச் செய்தியின் மூலமும் அதே தாவிதோவிட்ஸ்தான். 1988இல் வெளிவந்த ஒரு நூலில், பிரமிட்டின் கற்கள் வார்க்கப்பட்டவை என்று வாதிட்டார். ஆனால் அவர் சொன்னது சுட்ட களிமண்ணை அல்ல. இளகிய சுண்ணாம்புக்கல்லை நீரில் குலைத்து, நெய்ற்றன் உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து, அச்சில் இறுக்கியதாகவே சொன்னார். 2006இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர், தாங்கள் நுணுக்குக்காட்டியில் பார்த்த சில மாதிரிகள் வார்த்த கல் போலத் தெரிகின்றன என்று எழுதினார்கள். அவருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியதை நியாயமாகச் சொல்லிவிட்டோம்.

எதிர்ப்பக்கம் கனமானது. கீசாவைச் சுற்றிக் கல் வெட்டிய குழிகள் இன்றும் இருக்கின்றன, வெட்டிய தடயங்களோடு. கற்களுக்குள் கடல் உயிரினங்களின் சுவடுகளும் இயற்கையான படைகளும் குலையாமல் இருக்கின்றன. 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு அகழ்வாராய்ச்சிக் குழு ஒன்று பப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தது. மேரேர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு தூரா கல் வெட்டும் இடத்திலிருந்து சுண்ணாம்புக்கற்களைப் படகில் ஏற்றி கீசாவுக்குக் கொண்டுபோன நாட்குறிப்பு அது. குஃபு மன்னனின் காலத்தில், பெரிய பிரமிட்டு எழுந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்டது. கல் ஏற்றியவரின் கையேடு நம் முன்னால் இருக்கிறது. எகிப்தியல் அறிஞர்களில் பெரும்பாலோர் வார்த்த கல் என்ற கருத்தை ஏற்கவில்லை.

அல்குர்ஆனைப் பற்றி மிகுந்த பணிவோடு ஒன்று. சூரா அல்கஸஸின் 38ஆவது வசனத்தில், பிர்அவ்ன் ஹாமானிடம் களிமண்ணைச் சுட்டு உயர்ந்த மாளிகை எழுப்பச் சொன்ன செய்தி வருகிறது. அங்கே பிரமிட்டு என்ற பேச்சே இல்லை. விரிவுரையாளர்கள் அதைச் சுட்ட செங்கல் என்றே விளங்கியிருக்கிறார்கள். பெரிய பிரமிட்டு எழுந்தது ஏறத்தாழ 4,500 வருடங்களுக்கு முன். மூஸா நபி (அலை) அவர்களின் காலம் அதற்கு ஆயிரம் வருடங்களுக்கும் பிந்தியதாகவே பொதுவாகக் கணிக்கப்படுகிறது. ஆக அந்தச் செய்தி, விஞ்ஞானி சொல்லாததை விஞ்ஞானியின் பெயரிலும், வேதம் சொல்லாததை வேதத்தின் பெயரிலும் சொல்கிறது.

இது சின்ன விடயம் என்று சிலர் நினைக்கலாம். நல்ல எண்ணத்தில்தானே பகிர்கிறார்கள் என்பார்கள். பாடசாலையில் நாங்கள் காண்பது வேறு. ஒரு பிள்ளை இதை நம்பி வளர்கிறது. உயர்தரத்திலோ பல்கலைக்கழகத்திலோ யாரோ ஒருவர் நாட்குறிப்பையும் கல் குழியையும் காட்டுகிறார். அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் காண்பது பிரமிட்டுக் கதை மட்டுமல்ல. அந்தக் கதையோடு நாம் சேர்த்துக் கட்டிய ஈமானும் சேர்ந்து ஆடுகிறது. அல்லாஹ்வின் வார்த்தைக்கு வட்ஸ்அப் செய்தி முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. உறுதிப்படுத்தாத செய்தியைப் பரப்பாதே என்று நமது மார்க்கமே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

நமது நாட்டில் சுண்ணாம்புக்கல் உண்டு. காங்கேசன்துறையில் 1950 முதல் சீமெந்து செய்தோம், 1990இல் யுத்தத்தோடு அது நின்றது. புத்தளத்தில் இன்றும் செய்கிறார்கள். ஆனாலும் சீமெந்தும் கிளிங்கரும் பெருமளவு கப்பலில்தான் வருகின்றன, டொலர் கொடுத்து. 2022 நெருக்கடியில் ஒரு மூட்டையின் விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. அரைச் சுவரோடு நின்ற வீடுகள் எத்தனை என்று ஒவ்வொரு ஊருக்கும் தெரியும்.

நல்ல கயோலின் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் இருக்கிறது. பீங்கானுக்கு அது போகிறது. கட்டடத்துக்கு அவ்வளவு சுத்தமான வெள்ளை மண் தேவையில்லை என்பதைக் கியூபா காட்டியிருக்கிறது. அதுவும் நம்மைப் போலத் தீவு, அந்நியச் செலாவணிக்குத் திண்டாடும் நாடு. கியூபாவின் சாந்தா கிளாரா பல்கலைக்கழகமும் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்களும், பின்னர் சென்னை ஐஐடி உட்பட இந்திய நிறுவனங்களும் சேர்ந்து ஒரு சீமெந்தை உருவாக்கினார்கள். பாதி கிளிங்கர், ஏறத்தாழ 30 வீதம் சுட்ட களிமண், 15 வீதம் அரைத்த சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம். இதுவும் ஜியோபொலிமர் அல்ல, சுர்க்கியின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். சாதாரண மேசன் தன் பழைய கரண்டியாலேயே இதைப் பூசலாம், எரிசோடாவைத் தொடத் தேவையில்லை. காபனீரொட்சைட்டும் நூற்றுக்கு முப்பது நாற்பது குறைகிறது.

எரிசோடா என்றதும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீடியோ பார்த்துவிட்டு வீட்டில் ஜியோபொலிமர் செய்து பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரலாம். அனுமதிக்காதீர்கள். எரிசோடாவைத் தண்ணீரில் போட்டாலே கொதிக்கும். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆய்வுகூடத்தில் ஆசிரியர் முன்னிலையில், கண்ணாடியும் கையுறையும் போட்டுத்தான் அதைத் தொட வேண்டும். அதைத் தயாரிக்கவும் நிறைய மின்சாரம் வேண்டும். ஆகவே ஜியோபொலிமர் முழுவதும் பசுமையானது, இலவசமானது என்று யாராவது சொன்னால் அதையும் விசாரியுங்கள்.

எல்லாக் களிமண்ணும் இதற்கு உதவாது என்பதும் முக்கியம். கயோலின் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்க்காமல் மண்ணை அள்ளினால், செங்கல்லுக்காக வயலின் மேல்மண்ணை வெட்டி விற்றுப் பள்ளமாக்கிய கதைதான் திரும்ப நடக்கும். எந்த ஊரில் எந்த மண், எவ்வளவு ஆழத்தில், எதற்கு உதவும் என்று பார்த்துச் சொல்ல நமக்கு ஆட்கள் வேண்டும். இரசாயனவியலும் புவியியலும் படித்து, மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க வெட்கப்படாத பிள்ளைகள் வேண்டும். நமது பகுதிகளில் கெட்டித்தனமான பிள்ளை என்றால் வைத்தியர் அல்லது கணக்காளர் என்று வழி காட்டிவிடுகிறோம். கனியங்களைப் படித்த ஒருவரைக் காட்டுங்கள் என்றால் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய வீடுகளும் பள்ளிவாசல் சுவர்களும் நமது ஊர்களில் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் செங்கல் தூள் கலந்தார்களா, கலந்தால் என்ன அளவில், எந்தச் சூளைக் கல்லை இடித்தார்கள் என்று தெரிந்த மூத்த மேசன்மார் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள். பேரப்பிள்ளைகளை அருகில் வைத்து அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். இடிக்கப்போகும் பழைய சுவர் இருந்தால் இடிக்க முன் ஒரு துண்டுச் சாந்தை எடுத்து, இடத்தையும் வீட்டின் வயதையும் எழுதி வையுங்கள். எங்களுக்குச் சொன்னால் பிள்ளைகளோடு வந்து பார்க்கிறோம். பிரமிட்டுப் படத்தைப் பகிர்வதற்கு எடுக்கும் நேரம் இதற்குப் போதாதுதான், ஒரு பின்னேரம் தேவைப்படும்.